பசுவின் நாளும் நம் விரதமும்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. கொல்லாமை என்றவுடன் நம்மவர் சிந்தை உண்கலத்தின் மேலேயே செல்கின்றது. புலால் உண்ணோம், இரவில் உண்ணோம், வடிகட்டாத நீரைப் பருகோம் என்று எண்ணி நிறைவு கொள்கிறோம். அவ்விரதம் வீட்டின் பின்புறத்துத் தொழுவம் வரையில் செல்கின்றதா என்று பார்ப்பவர் சிலரே.

பசு கருவுறும் காலத்தை ஊசி மருந்தால் மாற்றி அமைப்பது அகிம்சைக்கு ஒத்ததா? இவ்வினாவுக்கு நாம் ஒரு முறை ஒரே சொல்லில் விடை கூறினோம். அவ்விடை ஓர் உயிரைக் காக்கவில்லை. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

ஒரு சொல்லின் விளைவு

வில்லியனூரில் வாழும் நமக்குப் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பழைய மாணவி ஒருத்தி உண்டு. எட்டாம் வகுப்பில் நம்மிடம் அறிவியல் பயின்றவள். கணவனை இழந்த பின் ஒரு கலப்பினப் பசுவின் பாலைச் சங்கத்தில் ஊற்றிக் குடும்பம் நடத்தி வந்தாள். 2019ஆம் ஆண்டில் ஒரு நாள் நம் இல்லத்திற்கு வந்தாள்.

"டீச்சர், மாடு கன்னு போட்டு எட்டு மாசம் ஆவுது. இன்னும் பருவத்துக்கே வரல. ஊசி போட்டு வர வைக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. நீங்க சமயம் தெரிஞ்சவங்க. போடலாமா, பாவமா?"

அவள் நம் சமயத்தவள் அல்லள். எனினும் நம் சொல்லுக்கு மதிப்பளிப்பவள். மருந்து எது, அது எவ்வாறு வேலை செய்கின்றது என்று ஒன்றையும் கேளாமல், "கருப்பையின் காலத்தில் மனிதன் கை வைப்பது அறமன்று, விட்டுவிடம்மா" என்றோம். விட்டுவிட்டாள். நான்கு திங்கள் கழித்து அவ்வூருக்குச் சென்றபோது தொழுவம் காலியாக இருந்தது. பால் வற்றிச் சினையும் பிடிக்காத மாட்டுக்குத் தீனி போட இயலாமல் தரகரிடம் விற்றிருந்தாள். அடிமாடாகச் சென்றதென்பதை அவளும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அறத்தின் பெயரால் நாம் கூறிய சொல் கொலைக்களத்தில் சென்று முடிந்தது.

இன்னொரு குற்றமும் நினைவுக்கு வந்தது. ஆசிரியர் பயிற்சியின்போது செம்பருத்திப் பூவைப் பிளந்து சூலகத்தைக் காட்டக் கற்றுக்கொண்டோம். பாலூட்டிகளின் இனப்பெருக்கம் வந்தபோதோ பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சென்றார்கள். நாமும் ஆசிரியப் பணியில் ஆண்டுதோறும் அவ்வாறே, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிச் சென்றோம். அம்மாணவி அறிந்திருக்க வேண்டியதைக் கற்பிக்காதவர்கள் நாம். பின்னர் அதன்மேல் தீர்ப்பும் சொன்னவர்கள் நாமே.

புரட்டிச் சென்ற பாடம்

அதன் பின்னரே கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அமர்ந்து, மாணவர்போல் கேட்டு அறிந்தோம். புதுச்சேரியின் குரும்பாபேட்டில் 1994 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தும், அத்துறையில் நமக்கொரு வினா எழ எழுபது வயதை நெருங்க வேண்டியிருந்தது. அறிந்ததை இங்குச் சுருக்கமாகத் தருகிறோம்.

பசுவின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி சிறிய வேதிப்பொருள் ஒன்றைத் துடிப்புத் துடிப்பாக வெளியிடுகின்றது. அதனை ஏற்ற பிட்யூட்டரி சுரப்பி, சூலகத்திற்கு இரு ஹார்மோன்களை அனுப்புகின்றது. சூலகத்தில் முட்டையைத் தாங்கிய நுண்பை வளர்ந்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றது. அந்த ஈஸ்ட்ரோஜன் மிகும்போதுதான் பசு கத்துகின்றது, தீனியைக் குறைக்கின்றது, பிற மாடுகளின் மேல் தாவுகின்றது, தன் மேல் மற்றொன்று தாவினால் விலகாமல் நிற்கின்றது, கண்ணாடி போன்ற கோழை வழிகின்றது. இந்நிலை அரை நாள் முதல் முக்கால் நாள் வரையே நீடிக்கும். அது அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே முட்டை வெளிப்படும். காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும் என்று ஊர்களில் சொல்லும் வழக்கு இதன் அடிப்படையில் அமைந்ததாகும்.

முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் உடலம் என்னும் திசு தோன்றிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். கருப்பையைக் கருவுக்கு ஏற்ற இல்லமாக வைத்திருப்பதும், அடுத்த முட்டையைத் தடுத்து நிறுத்துவதும் இதுவே. கரு உண்டாகியிருந்தால், ஏறத்தாழ 16ஆம் நாளில் அது தன் இருப்பைத் தாய்க்கு ஒரு புரதத்தின் வாயிலாக அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பு வராவிடின் கருப்பை புரோஸ்டாகிளாண்டினை வெளியிட்டு மஞ்சள் உடலத்தைக் கரைத்துவிடும். சுழற்சி மீண்டும் தொடங்கும். கண்ணும் காதும் உருவாகாத நிலையிலேயே ஓர் உயிர் தாயோடு பேசுகின்றது!

எல்லாப் பாலூட்டிகளும் ஒரே வகையின அல்ல. பூனையும் முயலும் ஒட்டகமும் இணை சேர்ந்த பின்னரே முட்டையை வெளியிடும். பசுவும் எருமையும் மானிடப் பெண்ணும் தத்தம் நாள்கணக்கில் தாமே வெளியிடுவன. ஹார்மோன்களோ பெரும்பாலும் அவையே. தொழுவத்துப் பாடம் நம் பெண்மக்களின் பாடமும் ஆகும். நாம் அப்பக்கத்தைப் புரட்டியதன் காரணமும் அதுவேயன்றோ!

தீனியும் கருவும்

மருத்துவர் கூறியவற்றுள் நம்மைத் திடுக்கிடச் செய்தது ஒன்று. கன்றீன்ற பசு பொதுவாக இரண்டு மூன்று திங்களில் மீண்டும் பருவத்திற்கு வர வேண்டும். நாள்தோறும் பாலைக் கறந்துகொண்டு, அதற்கேற்ற தீவனம் அளிக்காமல் வெறும் வைக்கோலைப் போட்டால், பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்தே பால் தரும். அந்நிலையில் மூளையிலிருந்து வரும் துடிப்புகள் தளர்ந்துவிடும், நுண்பை முதிராது, முட்டை வெளிவராது. இன்னொரு கருவைச் சுமக்கத் தன்னிடம் வலிமை இல்லை என்று அவ்வுடல் தன்னைத் தானே தடுத்துக்கொள்கின்றது. கருப்பை நோய் முதலிய பிற காரணங்களும் உண்டு. ஆயினும் ஏழைகளின் தொழுவத்தில் முதலில் ஆராய வேண்டுவது தீனியே.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகின்றது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. வண்டி மாட்டுக்கும் ஏர் மாட்டுக்கும் மட்டுமே இவை உரியன என்று நாம் எண்ணியிருந்தோம். கறக்கும் பாலும் ஒரு சுமையே. அச்சுமைக்கு ஈடான உணவைத் தராமை உணவு மறுத்தலே. சினை பிடிக்காத பசு "மலடு" எனப் பழிக்கப்படும்போது, நான்காம் அதிசாரமும் ஐந்தாம் அதிசாரமும் நம்மிடத்தே உள்ளனவா என்று நோக்க வேண்டும்.

நம் மாணவியின் பசு எட்டுத் திங்கள் பருவத்திற்கு வராமல் இருந்ததே, அது என்ன தின்றது என்று நாம் கேட்டிருக்க வேண்டும். ஊசி பாவமா என்று மட்டுமே சிந்தித்தோம்.

மருந்தின் இரு முகங்கள்

இனி ஊசியைப் பற்றிக் கூறுவோம். பருவத்தை வரவழைக்க இன்று மூவகை மருந்துகள் பெரிதும் பயன்படுகின்றன. மூளையின் துடிப்பை ஒத்த செயற்கை மருந்து ஒன்று. மஞ்சள் உடலத்தைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஒன்று. ஏழு நாள் அளவில் உள்ளே வைத்து எடுக்கப்படும் புரோஜெஸ்டிரோன் சாதனம் ஒன்று. முதலிரண்டையும் நாள் குறித்து மாற்றி மாற்றிச் செலுத்தி, பருவ அறிகுறியைப் பாராமலேயே சினை ஊசி போடும் முறை 1995ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது.

இவையனைத்தும் பசுவின் உடலிலேயே உள்ள மொழியில் பேசுவன. உடல் மறந்த சொல்லை நினைவூட்டும்போது அது மருத்துவமாகும். உடல் "இயலாது" என்று கூறிய பின்னும், பட்டினியை நீக்காமல், கருவைச் சுமத்த அதே மொழியைப் பயன்படுத்தினால் அது ஆணையாகும். புட்டியும் ஊசியும் ஒன்றே, இம்சை வேறுபடுகின்றது. விழிப்பின்மையின் வயப்பட்டு உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்பது நம் ஆசாரியர்கள் கண்ட இலக்கணம். காலையும் மாலையும் தொழுவத்தில் நின்று பசுவைப் பார்ப்பதற்குப் பதிலாக ஊசி வருமாயின், அவ்விழிப்பின்மைக்கு ஊசி துணையாகின்றது. பார்த்து, உணவளித்து, நோயை ஆராய்ந்த பின் ஊசி வருமாயின், நோயுற்ற பிள்ளைக்கு மருந்து கொடுப்பதற்கும் அதற்கும் வேறுபாடு காண்பதற்கில்லை.

பால் இறக்குவதற்காக ஆக்சிடோசின் ஊசி போடும் வழக்கத்தை இத்துடன் சேர்த்து எண்ணலாகாது. அங்கே நோயுமில்லை, மருத்துவருமில்லை. கன்று முட்டும்போது தாயின் உடலில் எழும் ஹார்மோனை, கன்றின்றியே போலியாக எழுப்புவது அது. பால் பெருக்குவதற்காகக் கறவை மாட்டின் நலத்தைக் கெடுக்கும் ஊசியைச் செலுத்துவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றமாகும்.

மருந்து எங்கிருந்து வருகின்றது என்பதும் வினவத்தக்கது. நுண்பையை வளர்க்கும் மருந்து ஒன்று கருவுற்ற பெண்குதிரைகளின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. 1930இல் கண்டறியப்பட்ட இப்பொருளுக்காக அர்ஜென்டினா, உருகுவே, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் குதிரைகளிடம் இரத்தம் வடித்து வந்துள்ளனர். ஒரு தாயின் கருவுக்காக இன்னொரு தாயின் குருதியைப் பெறும் மருந்தை நம்மவர் விலக்குவதே தகும். வேறு மருந்து உண்டா என்று மருத்துவரைக் கேட்பதில் நாணம் வேண்டா.

எனினும் செயற்கை மருந்து முற்றும் தூயது என்று செருக்குறவும் இடமில்லை. மூளைத் துடிப்பின் வேதிப்பொருளை 1971இல் வெளிப்படுத்தி 1977இல் நோபல் பரிசு பெற்ற ஷாலியும் கில்லமினும், கொல்லப்பட்ட பல்லாயிரம் பன்றிகள், ஆடுகள் ஆகியவற்றின் மூளைப் பகுதிகளிலிருந்தே அவ்வறிவைப் பெற்றனர். இன்று நாம் பெறும் நன்மையில் அவ்வுயிர்களின் பங்கும் உண்டு. இதனை அறிந்து அடக்கத்தோடு பயன்படுத்துவதே இல்லறத்தார்க்கு இயலும் நெறி என்று கருதுகிறோம்.

பிறந்ததைக் காத்தல்

நம் மாணவி பின்னர் ஒரு கிடாரியை வாங்கினாள். இம்முறை தீர்ப்புச் சொல்லாமல் பாடம் சொன்னோம். தினசரி நாள்காட்டியில் பருவம் கண்ட நாளைக் குறித்து, அங்கிருந்து 21ஆம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிடப் பழக்கினோம். கோடையில் பருவ அறிகுறி பெரும்பாலும் இரவிலேயே தோன்றும் என்பதால், படுக்கும் முன்னும் விடியலிலும் தொழுவத்தை எட்டிப் பார்க்கச் சொன்னோம். குடற்புழு நீக்கம், தாது உப்பு, பசுந்தீவனம் ஆகியவற்றைக் கடைப்பிடித்தாள். வைக்கோல் செலவில் பாதியை நாம் ஏற்றோம். பழைய சொல்லுக்கு அது சிறு கழுவாய்.

முதல் ஈற்றுக்குப் பின் அப்பசுவும் ஐந்து திங்கள் பருவத்திற்கு வரவில்லை. உடல் தேறியிருந்தது, நோயொன்றும் இல்லை. மருத்துவர் ஹார்மோன் மருத்துவத்தைக் கூறினார். மாணவி நம் முகத்தைப் பார்த்தாள். "மாடு நன்றாகத் தின்கிறதா?" என்று கேட்டோம். "தின்னுது டீச்சர்" என்றாள். "அப்படியென்றால் போட்டுக்கொள்ளம்மா" என்றோம். சினை பிடித்தது. ஒன்பது திங்களில் காளைக் கன்று பிறந்தது.

இங்கே வினா மீண்டும் எழுகின்றது. கிடாரியாயின் வளர்ப்பார், காளைக் கன்றை இந்நாளில் யார் வளர்ப்பார்? ஏர் ஓட்டும் வேலையை டிராக்டர் ஏற்றுவிட்டது. பெண் கன்றே மிகுதியாகப் பிறக்குமாறு பிரிக்கப்பட்ட விந்து இன்று வழங்கப்படுகின்றது. வேண்டாத பிறப்பைக் குறைப்பதால் அதனை நாம் வெறுக்கவில்லை. ஆனால் பிறந்துவிட்ட உயிருக்கு அது விடையன்று. நம் முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதரின் இலாஞ்சனம் காளை. அவ்வடையாளத்தின் முன் நின்று வணங்கும் நாம், ஊசியின் துணையால் ஒரு பிறப்பை வரவழைத்தோமாயின் அப்பிறப்புக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

கன்றுக்கு இப்போது ஏழு திங்கள். அதனை விற்பதில்லை என்று மாணவியும் நாமும் முடிவு செய்திருக்கிறோம். எத்தனை ஆண்டுகள் இயலும் என்பது தெரியவில்லை; நமக்கும் வயதாகின்றது. அறுவடைக்குப் பின் வைக்கோலை மிகுதியாக உடைய நம் சமூகக் குடும்பங்கள் பல உள்ளன. ஒவ்வொன்றும் வற்றிய மாடு ஒன்றுக்கோ காளைக் கன்று ஒன்றுக்கோ ஆண்டுத் தீனியை ஏற்றால், ஊசி பாவமா என்ற வினா பாதி தீர்ந்துவிடும். மறுபாதியை அவரவர் தொழுவத்தில், விடியற்காலையில், பசுவின் முகம் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.