காபி வராத காலை

எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததை அம்மா கொண்டுவரும் காபியை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். ஆறு மணிக்கு அப்பாவுக்கு, ஆறேகாலுக்கு எனக்கும் என் மனைவிக்கும், ஆறரைக்கு மகளுக்குப் பால். 2023 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறரை தாண்டியும் காபி வரவில்லை. "என்னது, இன்னும் காப்பியக் காணும்?" என்று அப்பா நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தார். பதில் இல்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா அடுப்படியில் அரிசி டிரம்மில் சாய்ந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தது. பால் பாக்கெட்டுகள் வாசல் கேட்டில் மாட்டிய பையிலேயே இருந்தன.

108 வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் கட்டி அடைத்திருக்கிறது என்றார்கள். பிறகு அந்த இளம் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "கடைசியா இவங்க நல்லா இருந்ததை யார் பார்த்தீங்க? எத்தனை மணிக்கு?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்கான பதிலில்தான் சிகிச்சையே இருந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தொடங்கிய நேரம் தெரியாவிட்டால், நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை ஒருவர் கண்ணால் பார்த்த நேரத்திலிருந்து கணக்கிடுவார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முந்தின இரவு பத்து மணிக்கு அப்பாவுக்கு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். அதன்பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. டாக்டர் கேட்டபோது காலை எட்டு மணி. அந்த ஊசி போட வழியில்லாமல் போயிற்று.

ஊசி போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை; நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. அவளைத் தவிர நாலு பேர் இருக்கிற வீடு. மூன்று பேர் அவள் கையிலிருந்து காபி வாங்கிக் குடிக்கக் காத்திருந்தோம். காபி வராததைக் கவனித்த எங்களுக்கு அம்மா வராதது தெரியவில்லை.

அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதைவிடப் பெரிய இழப்பு பேச்சு. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். பிறர் சொல்வது அவருக்குப் புரியும். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது 'டான்' என்ற ஓர் ஒலி மட்டும்தான். அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்த புரோக்கா, இடது முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பது அப்படித்தான் நிலைபெற்றது. அம்மாவுக்கு மிஞ்சியது 'வா' என்ற ஒரு சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் வா, போதுமென்றாலும் வா, வலித்தாலும் வா. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்துக் கட்டில்காரரின் செல்போனில் கந்த சஷ்டி கவசம் ஒலித்தபோது அவளும் கூடவே வரிவரியாகச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாடி ஊறிப்போனதும், எண்ணி ஊறிப்போனதும் வேறு தடத்தில் இருக்கும், சில பேருக்கு அது தப்பிவிடும் என்றார் டாக்டர். கவசம் முடிந்ததும் ஸ்பூனைக் காட்டி "இது என்னம்மா?" என்று கேட்டேன். "வா" என்றாள்.

எங்கள் வீட்டின் மொத்த நினைவும் இப்படி ஒரு சொல்லுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது.

கேஸ் எந்த நம்பரில் பதிந்திருக்கிறது, பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி, தண்ணீர் வரி ரசீது எங்கே, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறது, மோட்டார் இழுக்காவிட்டால் எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் ஓய்வூதியர் காப்பீட்டு அட்டையைக் கேட்டார்கள். அது பீரோவில் இருக்கிறது. பீரோச் சாவி அம்மா வைத்த இடத்தில் இருக்கிறது. அப்பா 32 வருஷம் கருவூலத்தில் வேலை பார்த்தவர். அரசாங்கத்தின் பணத்துக்குப் பைசா பிசகாமல் கணக்கு வைத்தவர். அவருக்கு வீட்டுப் பீரோவின் சாவி இருக்கும் இடம் தெரியவில்லை. நான் வீட்டிலிருந்து ஒவ்வொரு இடமாகப் படம் பிடித்துவந்து அம்மாவிடம் காட்டினேன். உப்பு ஜாடி, தையல் மெஷின், சாமி அலமாரி. அலமாரிப் படம் வந்ததும் அவளுடைய இடது கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது சாவி.

மூன்றாம் நாள் ராத்திரி அடுத்த அடி. அப்பாவுக்கு இன்சுலின் உண்டு. காலையில் 24, ராத்திரி 16. ஊசியில் ஏற்றிக் கொடுப்பது அம்மா. வயிற்றில் போட்டுக்கொள்வது மட்டும் அப்பா. அன்று ராத்திரியும் 24 ஏற்றிப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். இரண்டு மணிக்கு வேர்த்துக் கொட்ட எழுந்து உட்கார்ந்து, "ஆபீசுக்கு நேரமாச்சு, சட்டையத் தேச்சாச்சா?" என்று கேட்டார். மெஷினில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. நல்லவேளையாக விழுங்கும் நிலையில் இருந்தார். சீனியைக் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். 'பட்ட காலிலே படும்' என்று சொல்லி விதியின்மேல் போட்டுவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே ஆணியில் அத்தனையையும் மாட்டி வைத்திருந்தோம். ஆணி பெயர்ந்தது. மாட்டியிருந்ததெல்லாம் விழத்தானே செய்யும்?

அம்மாவின் கணக்கெல்லாம் அடுப்படிச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் இருந்தது. அதை இறக்கி உட்கார்ந்து படித்தேன். பால் வராத நாளுக்குச் சுழி. சிலிண்டர் மாற்றிய நாளுக்குப் பெருக்கல் குறி. அப்பாவின் ரத்தப் பரிசோதனை, மகளின் பரீட்சை, என் வண்டி இன்சூரன்ஸ், ஊர்க் கோயில் கொடை என்று ஒன்பது மாதத்தின் தாள்களிலும் எல்லோரும் இருந்தோம். அவள் இல்லை. பிறகு அடுப்படியை ஒதுங்கவைக்கும்போது டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. ரத்தக் கொதிப்பு மாத்திரை. பதினைந்தில் பதினொன்று அப்படியே இருந்தது. பயன்படுத்தும் தேதி தாண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மறு வருஷம் எங்கள் தெருவுக்கும் அந்தப் பெண்கள் வந்தார்கள். அப்போது நான் வீட்டில்தான் இருந்தேன். "எனக்கு என்ன? அவியளுக்குப் பாருங்க" என்று அம்மா அப்பாவைக் கைகாட்டிவிட்டு, வந்தவர்களுக்கு மோர் கலக்க உள்ளே போனாள். "நீயும் கையை நீட்டும்மா" என்று நான் சொல்லவில்லை. மருத்துவம் வாசல்வரைக்கும் வரும். வாசலிலிருந்து அடுப்படிக்குக் கூட்டிப்போக வேண்டியது வீட்டில் இருக்கிறவர்கள்.

மூன்று வாரம் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தாள். கூடவே காற்று மெத்தை, சக்கர நாற்காலி, மருந்துப் பை. பள்ளிக்கூட ஆசிரியையான என் மனைவி லீவு போட்டாள். கஞ்சி எந்தப் பதத்தில் கொடுப்பது, எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் படுக்கவைப்பது, எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக்கூடாது எல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆனது. வருகிறவர்கள் எல்லோரும் அவளை மெச்சினார்கள். "எதுவும் வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என்ன வேண்டுமென்று யோசிக்கவும், யாரிடம் கேட்பதென்று தேர்ந்தெடுக்கவும், கேட்டுவிட்டுக் கூச்சப்படவும் வேண்டிய வேலையும் அவள் தலையிலேயே சேர்ந்தது. அம்மாவைப் பார்க்க வந்த என் அக்கா இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "ஒரு தலையில இருந்தத எடுத்து இன்னொரு தலையில வச்சிட்டிய. வேற என்னத்தல செஞ்சிய?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் சொன்னது டிசம்பரில் புரிந்தது.

டிசம்பர் 16, சனிக்கிழமை, தன் தங்கை மகளுக்குப் பெயர் சூட்ட என் மனைவி ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போனாள். ஒரே ராத்திரிதானே என்று நாங்கள்தான் அனுப்பிவைத்தோம். மறுநாள் பிடித்த மழையை நெல்லையிலும் தூத்துக்குடியிலும் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தாமிரபரணி கரையை மீறி நெல்லை ஜங்ஷனுக்கும் சிந்துபூந்துறைக்கும் எங்கள் வண்ணார்பேட்டைக்கும் வந்தது. ரோடு இல்லை, கரன்ட் இல்லை, செல்போனுக்கு டவர் இல்லை. என் மனைவி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

திங்கட்கிழமை விடியுமுன் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. மாடி வீட்டு அண்ணாச்சி எங்களை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பையன்களோடு இறங்கி வந்து, "பிளாஸ்டிக் நாற்காலி எங்க?" என்றார். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, நாலு பேர் மாடிக்குத் தூக்கினோம். காற்று மெத்தையையும் கொண்டுபோனோம். கரன்ட் இல்லாமல் அதன் பம்ப் ஓடாது என்பது அது சப்பையாகிப்போன பிறகுதான் உறைத்தது. இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கையால்தான் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண்.

அன்று மத்தியானம் அம்மாவுக்குத் தாகம். நான் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். புரையேறிக் கண் செருகியது. முதுகைத் தட்டித் தெளியவைத்து நிமிர்ந்தபோது எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அழுதுகொண்டே சொன்னாள்: "தண்ணியா குடுக்கக்கூடாதுப்பா. ஆச்சிக்குப் புரையேறும். அம்மா எல்லாத்தையும் கெட்டியாக் கரைச்சு, நிமுத்தி உக்கார வச்சு, ஸ்பூன்லதான் குடுப்பா." மூன்று மாதமாக அதே வீட்டில்தான் நானும் இருந்தேன். எனக்குத் தெரியாதது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் நன்றாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி மகளின் ரஃப் நோட்டில் கோடு போட்டோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என்ன உணவு, என்ன பதம், எந்த மாத்திரை. அடுத்த பக்கத்தில் புரட்டும் முறை: பத்து மணிக்கு நான், பன்னிரண்டுக்கு அண்ணாச்சியின் மூத்த பையன், இரண்டுக்கு நான், நாலுக்கு அப்பா. எழுபத்து மூன்று வயதில் அப்பா முதன்முறையாக மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மாவுக்காக முழித்திருந்தார். நாலு மணிக்குப் புரட்டிவிட்டு, கருவூலப் பழக்கத்தில் நேரம் எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டிருந்தார்.

வியாழக்கிழமை என் மனைவி வந்து சேர்ந்தாள். முழங்கால்வரை சேறு. வந்ததும் அம்மாவைப் புரட்டி முதுகைப் பார்த்தாள். புண் இல்லை. பிறகு நோட்டைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துத் தூங்கினாள். பன்னிரண்டு மணி நேரம் தூங்கினாள். அத்தனை தூக்கம் அவளுக்குப் பாக்கி இருந்தது என்பதும் எனக்குத் தெரியாத கணக்குதான்.

அந்த நோட்டு இப்போது அடுப்படி ஆணியில் தொங்குகிறது. கேஸ் நம்பர், சாவி இருக்கும் இடம், இன்சுலின் அளவு, மோட்டார் வைத்தியம் எல்லாம் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம். எல்லோரும் படிக்க வேண்டும். யாராவது "எதுவும் வேணுமா?" என்று கேட்டால் நோட்டைப் பார்த்து ஒரு வேலையைச் சொல்லிவிடுகிறோம். புதன்கிழமை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், செவ்வாய் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார ஆள் வேண்டும் என்று. கேட்டவர்கள் மகிழ்ச்சியோடுதான் வருகிறார்கள். அவர்களுக்கும் இத்தனை நாள் என்ன செய்வதென்று தெரியாமல்தான் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வதுதான் அம்மாவின் அன்பு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். அவளுடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பேச்சில் என் சோம்பலும் ஒளிந்துகொண்டிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நோய் யாருக்கும் வரும். வெள்ளமும் வரும். அதற்கு முன்னால் வீட்டின் பாரத்தை நாலு தலையில் பிரித்து வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறாள். சொற்கள் நாலைந்து கூடியிருக்கின்றன. காபி போடுவது அப்பா. சீனி அடிக்கடி கூடிவிடுகிறது.

இதைப் படித்து முடித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர் ஒருவர் இருப்பார். அவருடைய மாத்திரை எங்கே இருக்கிறது என்று இன்றைக்குத் தேடிப் பாருங்கள். அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணுங்கள்.