ஆறு கைகளில் ஒரு கை

கழுகுமலை முருகனுக்கு ஒரே முகம், ஆறு கைகள். மலையைக் குடைந்த குகைதான் கருவறை. அவனை வலம் வர வேண்டுமென்றால் மலையையே சுற்றி வர வேண்டும். எங்கள் கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பெரியவன் பிறந்தபோது முடி இறக்கப் போனேன். அந்தப் பிள்ளை காய்ச்சலில் போன பிறகு, சண்டை போடப் போனேன்.

அந்த முருகன், கழுகாசலமூர்த்தி, பதிலுக்குத் தன் தலத்துக் கதையையே எனக்குக் காட்டினான்.

ஜடாயுவின் அண்ணன் சம்பாதி. சூரியனை நோக்கிப் பறந்த தம்பியைத் தன் சிறகால் மூடிக் காத்து, அந்தச் சிறகையே தீய்த்துக்கொண்டவர். அப்பேர்ப்பட்டவருக்கு, தம்பி மாண்டபோது ஈமக்கடன் செய்யக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் குறை தீர ராமபிரான் வழி சொல்ல, இந்த மலைக்கு வந்து ஆம்பல் பொய்கையில் நீராடி, முருகனைப் பூஜித்து முக்தி பெற்றார் என்கிறது தலபுராணம்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஒரு பங்குனி உத்திரத்தன்று சன்னதியில் நின்றபோதுதான் அது எனக்குள் இறங்கியது. வெளியே காவடிக் கூட்டம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இந்த முருகனுக்கென்றே பாடிய காவடிச்சிந்து துள்ளித் துள்ளி உள்ளே வருகிறது. தீபாராதனை மணி. கற்பூர வெளிச்சத்தில் ஆறு கைகளும் அசைந்தன. ஒரு கையில் என் பெரியவன்! சுகமாக இருக்கிறான்! ஐயா, மற்ற கைகள் யாருக்கு? கேட்ட நொடியில், பக்கத்தில் நின்ற சின்னவள் என் விரலைப் பிடித்தாள். மயிர்க்கூச்செறிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவன் நான் என்றே இருந்தேனே, அண்ணனைப் பறிகொடுத்தவள் ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாளே! கடைசியில் அவன் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. சித்தி வீட்டில் இருந்தாள். சம்பாதியின் குறைதான் அவளுக்கும். அடித்தொண்டையிலிருந்து அழுதேன். அழ அழ இனித்தது.

அவளுக்கு ஆம்பல் பொய்கையாக வாய்த்தது ஹாக்கி மைதானம். எங்கள் ஊரை 'ஹாக்கிப்பட்டி' என்பார்கள். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பிள்ளை. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வருகிறவர்கள்கூட வேலியோரம் நின்று ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

சின்னவள் எடுத்தது அண்ணனின் மட்டையை. பிடியில் சுற்றிய கிரிப், அவன் கை வியர்வையில் கறுத்து நைந்திருந்தது. கடைக்காரர் அதை உரிக்கப் போனார். "வேண்டாம் அண்ணாச்சி, இதுக்கு மேலயே சுத்துங்க" என்றாள். பிடி பருத்துவிட்டது. அவள் கை அதற்குத் தக்கபடி வளர்ந்தது.

ஒரு போட்டியில் அவள் ஆட்டத்தைக் கண்ணாரக் கண்டேன். தண்ணீர் பீய்ச்சிய செயற்கைப் புல்தரை பளபளக்கிறது. வலது ஓரத்தில் பந்தை வாங்கினாள். இடுப்பு வளைய, மட்டை தரையை உரச, பந்து கூடவே ஒட்டிக்கொண்டு வர, ஓடினாள். அந்தக் கால்களில் நான் கேட்டது காவடிச்சிந்தின் நடை! இருவரைத் தாண்டினாள். கோல்கீப்பர் விழுந்து மறிப்பதற்குள், பந்து கோலின் அடிப்பலகையில் போய் 'டம்' என்று மோதியது. "முருகா!" என்று அலறிவிட்டேன். அழுகிறேனா, சிரிக்கிறேனா, தெரியவில்லை. இன்னொரு கை இதோ, என் சின்னவளை ஏந்திக்கொண்டு ஓடுகிறதே! தீய்ந்த சிறகு சம்பாதிக்கு மறுபடி முளைத்தது என்று ராமாயணம் சொல்லும். அது முளைப்பதை இந்தக் கண்களால் பார்த்தேன்.

துக்கம் போய்விடவில்லை. பெரியவனின் திதியன்று இன்றும் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ஆனால், என்னைப் போலப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோயிலுக்குத் தனியாகப் போகாதீர்கள். இருக்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அது எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆசைப்படுகிறதோ, அதை எடுத்துக் கொடுங்கள். பிறகு மைதானத்து ஓரத்தில் போய் நில்லுங்கள். கழுகாசலமூர்த்தி அங்கேயும் வருவான்.