கேலியும் மறதியும்

பழைய குழந்தைப் பாடலை மாற்றிப் பாடிச் சிரிப்பது முறையா என்னும் ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. 1806-இல் ஜேன் டெய்லர் இயற்றிய விண்மீன் பாட்டை, 1865-இல் வெளிவந்த ‘அற்புத உலகில் ஆலிஸ்’ நூலில் லூயிஸ் கரோல் வௌவால் பாட்டாக்கி நகைக்க வைத்தார். அதனால் விண்மீன் மங்கிவிடவில்லை. மழலையர் பள்ளிகளில் இன்றும் மின்னுகிறது. விண்மீனை மனப்பாடமாக அறிந்தவர்க்கே வௌவாலின் வேடிக்கை விளங்கும். ஆகவே மரபைக் கெடுப்பது மறதியேயன்றிக் கேலியன்று.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது பெரிதும் பொருந்தும். நம் குழந்தை நிலாவைத் தொலைபேசியில் அழைப்பதாகப் பாட்டை மாற்றினால் முகஞ்சுளிக்க வேண்டா. மாற்றுவதற்கு அதனிடம் ஒரு தமிழ்ப்பாட்டு இருக்கிறதே! அப்பாட்டைத் தருவது நம் கடன். சிரிப்பைக் குழந்தை தானே தேடிக்கொள்ளும்.