விழுந்தவரை அடிக்காதே

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் குத்துச்சண்டை என்றால் கையுறை கிடையாது, வெறும் முஷ்டிதான். சுற்றுக்கு நேரக்கணக்கும் இல்லை. ஒருவர் கீழே விழுந்தால்தான் சுற்று முடியும். அந்தக் களத்தில் பல ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியாமல் நின்றவர் ஜாக் பிராட்டன். அவரோடு மோதிய ஒருவர் அடிபட்டு இறந்துபோனதாகவும், அந்த மரணம் அவரை உலுக்கிவிட்டதாகவும் சொல்வார்கள்.

1743-இல் தம் அரங்கத்துக்கென்று பிராட்டன் ஏழு விதிகளை வகுத்தார். விழுந்தவரை அடிக்கக் கூடாது. மண்டியிட்டவரும் விழுந்தவரே. இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. மீண்டும் களத்துக்கு வர அரை நிமிடம் அவகாசம் உண்டு. பயிற்சிக்கு வருபவர்களின் முகம் சிதையாமலிருக்க, மெத்தென்ற கையுறையையும் கொண்டுவந்தார்.

1750-இல் ஜாக் ஸ்லாக் என்பவரிடம் பிராட்டன் தோற்றார், பட்டம் போயிற்று. அவர் வகுத்த விதிகளோ 1838-இல் புதிய விதிகள் வரும்வரை களத்தை ஆண்டன.

வலிமை எதிரியை வீழ்த்தும். வீழ்த்திய பிறகு கையை நிறுத்துவதுதான் வீரம். வீட்டுச் சண்டையோ அலுவலகப் போட்டியோ, எதிரில் இருப்பவர் தளர்ந்துவிட்டால் உங்கள் அடுத்த சொல்லை நிறுத்திவையுங்கள். அவர் எழுந்து நிற்கட்டும்.