விலை இல்லாத காலத்தில் காத்தவர்கள்

இங்கிலாந்துக்காரன் வடிவமைத்த பழைய சொகுசு கார் ஒன்றைப் புதுப்பித்து விற்பனைக்கு வைத்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். எனக்கு அதன் நடுவயது எப்படிக் கழிந்தது என்று கேட்கத் தோன்றும். புதிதில் ஊரே வேடிக்கை பார்த்திருக்கும். ஐம்பது வயதானால் மறுபடி பார்க்கும். இடைப்பட்ட காலத்தில் அதை யார் பார்த்துக்கொண்டார்கள்?

தருமபுரியில் சேலம் சாலையோரப் பட்டறை ஒன்றில் ஒரு ஸ்டாண்டர்டு 2000 நின்றது. விற்பதற்காகத் தயாராகிக்கொண்டிருந்த வண்டி. பெயர்தான் ஸ்டாண்டர்டு, உடல் ரோவர் எஸ்.டி.1. டேவிட் பேச் வடிவமைத்த அந்தக் கார் 1976-இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்றது. அங்கே உற்பத்தி முடியும் தறுவாயில், 1985-இல், சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். வி8 எஞ்சினோடு பறந்த அந்த உடலுக்கு இங்கே கிடைத்தது, பழைய வான்கார்டு காரின் வழிவந்த 1,991 சி.சி. எஞ்சின். நம் சாலைகளுக்காக வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். கனத்த உடலை எஞ்சின் திணறி இழுத்தது. மாருதி 800 வந்துவிட்ட காலம் வேறு. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது.

அத்தோடு அந்தக் கார்களுக்கு மதிப்பும் போயிற்று. தொப்பூர்க் கணவாய் ஏறுகையில் ரேடியேட்டர் கொதித்தால் ஓரங்கட்டித் தண்ணீர் ஊற்றவேண்டும். உதிரிபாகத்துக்கு அலையவேண்டும். 15 ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். இத்தனைக்கும் விற்றால் இரும்பு விலைதான்.

பட்டறை மிஸ்திரி கதவின் அடிப்பகுதியில் பழைய பட்டியைச் சுரண்டினார். துரு பொடிப்பொடியாய் உதிர்ந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். ஸ்டீரிங்குக்குக் கீழே வெவ்வேறு நிற ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றிய முடிச்சுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கைவேலை. "கழட்டின பார்ட்ஸ ஒண்ணுகூடத் தூக்கிப் போடாம டிக்கியில கோணிப்பையில கட்டி வெச்சிருந்தாங்க சார். அதனாலதான் வண்டி பொழச்சுது" என்றார். அந்தக் கோணிப்பையைக் கட்டியவரை நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன். ஒருநாள் இது விலைபோகும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளைத்தான் விண்டேஜ் என்று பதிவு செய்யமுடியும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அத்தகைய வண்டியை விற்கவும் வாங்கவும் தடையில்லை. அன்றாடம் ஓட்டத்தான் கூடாது. நல்ல விதிதான். ஆனால் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே உள்ள 35 ஆண்டைக் கடத்திவிடுவது சட்டமல்ல, ஏதோ ஒரு வீட்டுக்காரரின் பிடிவாதம்.

எதைக் காப்பது, எதைக் கழிப்பது என்று நாம் முடிவெடுக்கும் நேரத்தில் எந்தப் பொருளும் தன் மதிப்பைச் சொல்வதில்லை. லாபம் பார்த்துக் காப்பவர்கள் கடைசியில்தான் வருகிறார்கள். அவர்கள் உழைப்புக்கும் விலை உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குப் பெரியவர், ஒன்றும் எதிர்பாராமல் வைத்திருந்தவரே.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் இப்படியொரு வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன் கொஞ்சம் பொறுங்கள். ஆர்.சி. புத்தகத்தையும் கழற்றிய பாகங்களையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். முதன்முதலில் சாலைக்கு வந்த ஸ்டாண்டர்டு 2000-க்கே 50 வயது நிரம்புவது 2035-இல்தான்.