பேரிடாத பிள்ளை

பின்னால் ஒரு குழந்தை அழுகிறது. தாயார் எழுந்து வெளியே போக வேண்டாம், இன்றைய பிரசங்கம் அதற்கும் உரியதுதான்.

மனுஷனுக்கு ஆத்துமம் எப்போது வருகிறதென்பது நேற்று முளைத்த கேள்வியன்று. தாய் தந்தையரின் வித்திலிருந்தே உடலோடு ஆத்துமமும் கிளைக்கிறதென்று தெர்த்துல்லியன் சொல்ல, ஒவ்வோர் ஆத்துமத்தையும் சர்வேசுரன் தாமே புதிதாய்ச் சிருஷ்டிக்கிறாரென்று அர்ச். எரோணிமுஸ் வாதிக்க, இருவருக்கும் நடுவே நின்ற அர்ச். அகுஸ்தீனோ, தாம் எழுதிக் குவித்த நூல்களை முதுமையில் மறுபடி புரட்டிப் பார்த்து, ஆத்துமத்தின் பிறப்பிடம் தமக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நம்மூரில் பத்து நாள் ஞானோபதேசம் படித்தவன் ஒப்புக்கொள்வானா? (சிரிப்பு)

பிறகு அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் வந்தார். கருவானது முதலில் செடியைப்போல் வளர்ந்து, பின் மிருகத்தைப்போல் உணர்ந்து, அதன்பிறகே புத்தியுள்ள ஆத்துமத்தை ஏற்கிறதென்றார்; அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி ஆணுக்கு 40 நாள், பெண்ணுக்கு 90 நாள் என்று கணக்கும் வைத்தார். பெண்கள் சிரிக்கிறீர்கள்! ஐம்பது நாள் பிந்தி ஆத்துமம் பெற்றதாகச் சொல்லப்பட்ட நீங்கள் பூசைக்கு முந்தி வந்து உட்கார்ந்திருக்க, நாற்பதே நாளில் பெற்ற மகான்கள் வேப்பமரத்தடியில் நிற்கிறார்களே, அதை என்ன சொல்ல? உள்ளே வாருங்கள் ஐயா.

இந்த நாள் கணக்கு சபைச் சட்டத்தையும் தொட்டது. 1588-ல் 5-ம் சிக்ஸ்துஸ் பாப்பானவர் எத்தனை நாள் கருவை அழித்தாலும் கொலைக்குரிய தண்டனைதான் என்று விதிக்க, 1591-ல் 14-ம் கிரகோரியார் அதைத் தளர்த்த, 1869-ல் 9-ம் பத்திநாதர் அந்த நாள் வித்தியாசத்தைச் சட்டத்திலிருந்தே நீக்கினார். எந்நாளிலும் கருவை அழிப்பது பாவமென்பதில் மட்டும் சபைக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அது நிற்க. ஜெபமாலையின் சந்தோஷ தேவ இரகசியங்களில் இரண்டாவதற்கு, தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்ததற்கு, வாருங்கள். ஆண்டவர் விஷயத்தில் மாத்திரம் நாள் கணக்கு செல்லாது, கருவான கணமே ஆத்துமமும் உண்டென்று தோமாஸே விலக்குச் சொன்னார். தேவமாதா மலைநாட்டுக்கு விரைந்து நடந்து எலிசபெத்தம்மாள் வீட்டு வாசற்படி ஏறும்போது, அவர் வயிற்றிலிருந்த ஆண்டவருக்கு வயது எத்தனை? சில நாள்! எலிசபெத்தம்மாள் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை துள்ளியது யார் முன்னிலையில்? சில நாள் பிள்ளையின் முன்னிலையில்! நீங்களும் சொல்லுங்கள்: எத்தனை நாள்? ... சில நாள். ஆண்டவரின் வயதைச் சபை மாட்டுக்கொட்டிலிலிருந்தா எண்ணுகிறது? மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

இதை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேனென்றால், மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோன ஒரு தாய் என்னிடம் வந்து, "சாமி, அதுக்கு ஆத்துமம் இருந்துச்சா?" என்று கேட்டாள். அகுஸ்தீனையும் தோமாஸையும் இத்தனை பேசுகிற எனக்கு அப்போது நாக்கு எழவில்லை. பூசை வைக்க வேண்டுமென்றாள். உபதேசியார் நோட்டைத் திறந்து, பெயர் எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "பிள்ளை என்று எழுதும்" என்றேன்.