கடைசித் தண்ணி

திருவையாறு பக்கம் எங்க மாமாவுக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. சம்பா சீசனில் எப்போது ஊருக்குப் போனாலும் அவர் வாயில் ஒரு தேதி வந்து விழும். இருபத்தெட்டு!

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது பழைய வழக்கம். திறக்கிற நாளில் மந்திரிகள் வந்து பூத்தூவுவார்கள், டி.வி-யில் காட்டுவார்கள். மூடுகிற நாளில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால், மாமாவுக்கு அந்த இரண்டாவது தேதிதான் முக்கியம். 155 நாள் வயசுள்ள சி.ஆர். 1009 போடுவதா, சீக்கிரம் வருகிற ரகம் போடுவதா என்பதை அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் முடிவு பண்ணுவார்.

நான் பேச வந்தது கம்ப்யூட்டரைப் பற்றி. பயப்படாதீர்கள், கொஞ்சம்தான்.

கும்பகோணத்தில் நண்பர் ஒருவர் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். நாலைந்து மளிகைக் கடைகளுக்குக் கணக்கும் எழுதித் தருகிறார். அவர் மெஷினில் ஓடுவது டெபியன் என்கிற லினக்ஸ். ஓசி. உங்களுக்கும் அது தூரத்துச் சொந்தம்தான். 2011-ல் தொடங்கி நம் அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் ‘பாஸ்’ என்று ஒன்று இருந்ததே, அதன் அடித்தளம் டெபியன். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பல வீடுகளில் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு கதை.

டெபியன்காரர்களுக்கு ஒரு பழக்கம். ‘ஸ்டேபிள்’ என்று ஒரு பதிப்பை வெளியிட்டுவிட்டால் அதில் புதுசாக எதையும் நுழைக்க மாட்டார்கள். பிழை திருத்துவது, திருடன் நுழையும் ஓட்டையை அடைப்பது... அவ்வளவுதான். சில மாதங்களுக்கு ஒரு தடவை அந்த ஒட்டுவேலைகளை மொத்தமாகக் கட்டிக் கொடுப்பார்கள். பத்தாவது பதிப்புக்கு ‘பஸ்டர்’ என்று பெயர். ‘டாய் ஸ்டோரி’ படத்தில் வரும் நாய். (எல்லாப் பதிப்புக்கும் அந்தப் படத்திலிருந்துதான் பெயர் வைக்கிறார்கள். பெரிய மனுஷர்களின் குழந்தைத்தனம்!) 2019 ஜூலை 6-ல் வெளியானது. 10.1, 10.2 என்று போய், 2022 செப்டம்பர் 10-ல் 10.13 வந்தது. அதுதான் அந்த வரிசையில் கடைசி.

அந்த 10.13-ல் என்ன புதுசு? ஒன்றுமில்லை. புது கலர் கிடையாது, புது பட்டன் கிடையாது. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளமும் கிடையாது. அதற்குள் 11 வந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. 12 அடுப்பில் இருந்தது. மனசெல்லாம் புதுசில் இருக்க, இன்னும் மாறாமல் பழசிலேயே உட்கார்ந்திருந்தவர்களுக்காகக் கடைசியாக ஒரு தடவை கூரையைச் சரிபார்த்துவிட்டு, ‘இதோடு சரி’ என்று அறிவித்தார்கள்.

எதற்காகச் செய்ய வேண்டும்?

நான் பி.காம். படித்தவன். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 25-வது பிரிவு என்று ஒன்று உண்டு. பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுத்த வாக்கு, சில விலக்குகள் தவிர, செல்லாது. போதாததற்கு, இந்த சாஃப்ட்வேர்களோடு வரும் லைசென்ஸிலேயே ‘எந்த உத்தரவாதமும் கிடையாது’ என்று எழுதியிருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பாட்டிமாரும் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ஆக, ஓசியில் கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம்.

போனவர்களும் உண்டு. சென்ட்ஓஎஸ் என்று இன்னொரு லினக்ஸ். அதன் 8-வது பதிப்பு 2019 செப்டம்பரில் வந்தது. 2029 வரை கவனித்துக்கொள்வோம் என்று தேதி போட்டிருந்தார்கள். அதை நம்பி உலகம் முழுக்க சர்வர்களை மாற்றினார்கள். 2020 டிசம்பர் 8-ல் ஓர் அறிவிப்பு: 2021 டிசம்பரோடு முடிந்தது! அதற்குப் பின்னால் இருந்த ரெட் ஹேட் நிறுவனம், இனி வேறு பாதையில் போகிறோம் என்று காரணம் சொன்னது. சட்டப்படி யாரும் கேள்வி கேட்க முடியாது.

என்னைக் கேட்டால், அவர்கள் பட்ட கடன் சாஃப்ட்வேரில் இல்லை, தேதியில் இருக்கிறது. சும்மா கொடுத்ததை நிறுத்தலாம். ஆனால், 2029 என்று சொன்னதைக் கேட்டு இன்னொருத்தன் நாற்று விட்டுவிட்டானே!

இதை மாமாவிடம் சொன்னேன். 2023-ல் அவருக்கும் அப்படி ஆனது. ஜூன் 12-ல் திறந்த அணையை, தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-லேயே மூடினார்கள்.

“இல்லாத தண்ணியை எப்படி மாப்ள விடுவான்?” என்றார். “வானம் பொய்ச்சா யாரைக் கேக்குறது? ஆனா, வச்சுக்கிட்டே மூடினா விடுவேனா?”

சென்ட்ஓஎஸ் விஷயத்தில் எந்த வானமும் பொய்க்கவில்லை. முடிவு மாறியது, அவ்வளவுதான். வாக்குத் தவறியவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கும் நமக்கு, மாமாவின் இந்த வித்தியாசம் சட்டென்று தோன்றுவதில்லை. அந்த சீசனில், காய்ந்துகொண்டிருந்த சம்பாவுக்காக 2024 பிப்ரவரியில் 2 டி.எம்.சி. திறந்துவிட்டார்கள். மூடுகிற தேதி தாண்டிய பிறகு!

டெபியனிலும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. 10.13-க்குப் பிறகும், சில நிறுவனங்கள் பணம் போட, தனியாக ஒரு குழு 2024 ஜூன் 30 வரை ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது. கும்பகோணத்து நண்பரை 2023-லேயே “மாத்துங்க சார்” என்றேன். “அதான் அடுத்த ஜூன் வரைக்கும் டைம் இருக்கே” என்றார். ஜூன் போனது, தீபாவளி போனது. “ஓடுற வண்டியை எதுக்கு சார் பிரிக்கணும்?” என்றார்.

இப்போது யார் பேரில் தப்பு? கொடுத்தவன் தேதி சொன்னான், தேதி வரை நின்றான், அதற்கு மேலும் நின்றான். ஜனவரி 28 என்று தெரிந்தும் தை பிறந்த பிறகு நாற்று நடுகிறவனை மாமா திட்டுகிற வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது.

நண்பரை நான் அப்படித் திட்டவில்லை. என்னுடைய மூணு வருஷத்து வருமான வரிக் கணக்கு அந்த மெஷினில்தான் இருக்கிறது.